கட்டம் போட்ட முகம்

மழை வருகிறாற்போல் இருந்தது. பக்கத்து அறையின் ஜன்னல் திறந்து கிடந்தது. மாசேன் அக்கா சினிமாக் கொட்டகைக்கு வேலைக்குப் போயிருந்தார். அவருடைய காகிதங்கள் நனைந்துவிடுமே என்றுதான் உள்ளே போனேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. நான் சோதனை போடப் போகவில்லை.

அப்படி நிச்சயமாகவும் சொல்ல முடியவில்லை. வெளியில் நின்றே கம்பி வழியாகக் கைவிட்டு ஜன்னலைச் சாத்தியிருக்கலாம்.

தகரப் பெட்டியின் மேலிருந்து ஒரு காகிதம் காற்றில் புரண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். அதில் என் குழந்தை இருந்தாள்.

கமலாவின் முகம். நெற்றியில் சரிந்த முடி, மேலுதட்டுக்கு மேல் பால் காய்ந்த கோடு, கன்னத்தில் நான் தினமும் வைக்கிற திருஷ்டிப் பொட்டு எல்லாம் இருந்தன. பென்சிலில் அப்படி ஒரு சாயல். அந்த முகத்தின் மேல் சிவப்பு மையால் குறுக்கும் நெடுக்கும் கோடுகள் அடிக்கப்பட்டிருந்தன. ஒரு கண் ஒரு கட்டத்தில் இருந்தது. மூக்கு வேறொரு கட்டத்தில். வாய் இரண்டாகப் பிரிந்து இரண்டு கட்டங்களில் கிடந்தது. ஓரத்தில், ஒவ்வொரு கட்டத்துக்கும் நேராக, முறுக்குப் பிழிந்த மாதிரி வட்டம் வட்டமாக ஏதோ எழுத்து.

சுவருக்கு அந்தப் பக்கம் கமலா மூன்றாம் நாள் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தாள்.

செப்புத் தகட்டில் கட்டம் கீறி, கட்டத்துக்கு ஓர் எழுத்து எழுதி, ஆகாதவர்கள் வீட்டு வாசலில் புதைத்து வைப்பார்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். படித்தவள் அதை நம்பலாமா என்று கேட்பீர்கள். நம்பினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தைத் திரும்பப் பெட்டியின் மேல் வைக்கக் கையும் வரவில்லை. முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்துவிட்டேன்.

நடு அறைக்காரர்

தேனிக்குக் குடிவந்த கதையை இரண்டு வாரங்களுக்கு முன் இதே பத்திரிகையில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, 'வரிசை வீடு என்கிறீர்கள், நடு அறையில் யார் இருந்தார்கள் என்று சொல்லவே இல்லையே' என்று கேட்டு எழுதியிருக்கிறார். வேண்டுமென்றேதான் விட்டேன். இப்போதும் சொல்வதா வேண்டாமா என்று யோசனையாகவே இருக்கிறது.

ஒரு கோடியில் வீட்டுக்கார அம்மாள் சீனியம்மாள். மறு கோடியில் நாங்கள். என் கணவர் தபால் ஆபீஸில் தந்தி அடிக்கிறவர். நான் எட்டாவது தேறி, ஆசிரியைப் பயிற்சியும் முடித்து, கல்யாணமானதால் வேலைக்குப் போகாதவள். கமலாவுக்கு ஒன்றரை வயது. நடு அறையில் மாசேன் அக்கா.

'மா' என்றால் பர்மா பாஷையில் அக்கா மாதிரி ஒரு மரியாதைச் சொல். 'சேன்' என்றால் வைரம். தகப்பனார் கம்பத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். பர்மாவுக்குப் பிழைக்கப் போய் அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டவர். யுத்தத்தில் ரங்கூனில் குண்டு விழுந்ததும், காடும் மலையும் நடந்தே தாண்டி வந்த ஜனங்களில் அக்காவும் ஒருவர். வயது நாற்பது இருக்கலாம். தகப்பன் ஊரைத் தேடிப் போனாராம். சொந்தக்காரர்கள் இலை போட்டுச் சோறு வைத்து, பாதி சாப்பாட்டில், "நிலத்துல பங்கு கேக்க வந்தியா?" என்று கேட்டார்களாம்.

"எந்திரிச்சு வந்துட்டீங்களா அக்கா?"

"சாப்பிட்டு முடிச்சுத்தான் வந்தேன். நல்ல மொச்சைக் குழம்பு. அது வேற, இது வேற."

பன்னிரண்டு வயதில் ரங்கூன் நாடகக் கொட்டகை ஒன்றில் திரைக்கு வர்ணம் கரைத்துக் கொடுக்கப் போனவர். பிறகு தாமே திரை எழுதினார். ஊமைப் படம் வந்த காலத்தில், நடுநடுவே காட்டுகிற எழுத்து அட்டைகளுக்கு ஓரத்தில் பூவும் கொடியும் போட்டார். அப்புறம் ஒரு படக்கம்பெனியில் மாளிகை, காடு, கடல் எல்லாம் துணியில் எழுதினார். "கடல் மட்டும் நாலு எழுதியிருக்கேன் தங்கச்சி. ஐஞ்சாவது கடலுக்கு நீலம் பூசும்போது குண்டு விழுந்துச்சு" என்பார். தேனியில் அவருக்குக் கிடைத்தது டூரிங் கொட்டகைக்கு விளம்பரத் தட்டி எழுதுகிற வேலை.

தமிழ் நன்றாகப் பேசுவார். எழுதவும் வாசிக்கவும் தெரியாது. தட்டியில் படத்தின் பெயரை எழுத வேண்டுமானால், யாராவது தரையில் எழுதிக் காட்ட, அதைப் பூவைப் பார்த்து வரைகிற மாதிரி பார்த்து வரைவார்.

எனக்கு அவரைப் பிடிக்காமல் போன விதம்

முகத்தில் சந்தனம் மாதிரி ஏதோ மரப்பட்டையை அரைத்து அப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சுருட்டுப் பிடிப்பார். இரண்டுமே அவர்கள் ஊரில் பெண்களுக்கு வழக்கமாம். இருக்கட்டும்.

எனக்கு உறுத்தியது அவர் பார்க்கிற விதம். கமலா வாசலில் மண்ணை அள்ளி விளையாடும்போது, இவர் கையை நேராக நீட்டி, பென்சிலை நிறுத்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலில் கட்டைவிரலை ஏற்றி இறக்கி அவளை அளப்பார். தச்சன் மரத்தை அப்படிப் பார்ப்பான். குழந்தையை அப்படிப் பார்க்கிறவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அப்போது யார்மேலும் யாருக்கும் நம்பிக்கை இல்லாத காலம். போடி ரயில் பாதையின் தண்டவாளங்களை யுத்தத்துக்கு என்று பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். மதுரைக்கு பஸ்ஸில்தான் போக வேண்டும். வெளியூர் ஆள் மலையையோ பாலத்தையோ படம் வரைந்தால் ஸ்டேஷனுக்குத் தகவல் தரச் சொல்லி ஒரு போலீஸ்காரர் வந்து சீனியம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனார். சீனியம்மாள் அதை எங்களிடம் சொன்ன விதத்தில் போலீஸ்காரரே தோற்றார்.

"இங்காரு ஆத்தா, அவ எதை வரையறா எதை வரையலேங்கறதை ஒன்னையத்தான் பாத்துக்கிறச் சொல்லியிருக்காக."

"என்னையா? என் பேரை எதுக்குச் சொன்னீக?"

"எனக்கு எழுத்துத் தெரியாதுன்னேன். படிச்ச பிள்ளை ஒருத்தி இருக்கா, அவ பாத்துக்கிருவான்னேன்."

இதற்கு மேல் ஒன்று. எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒரு நாள் மாலை நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பும்போது, என் கணவர் நடு அறை வாசற்படியில் உட்கார்ந்து அக்காவிடம் மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. கையில் இருந்த காகிதம் சட்டைப் பைக்குள் போயிற்று.

"என்ன அது?"

"ஆபீஸ் விஷயம்."

தபால் ஆபீஸ் விஷயம் சுருட்டுப் பிடிக்கிற அம்மாளுக்கு எதற்கு? கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

கட்டம் எத்தனை

காகிதத்தை சீனியம்மாளிடம் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். அவர் அதைத் தொடவில்லை. எட்டி நின்று பார்த்துவிட்டு, செருப்பில்லாமல் ஓடினார். அரைமணி நேரத்தில் ஒரு கோடாங்கியைக் கூட்டிவந்தார். உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர். உடுக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெற்றிலைச் சாற்றை வாசலில் துப்பிவிட்டு உள்ளே வந்தார். ஜன்னலில் இருந்த மருந்துச் சீசாவைப் பார்த்தார்.

"ஆசுபத்திரி மருந்தா?"

"ரெண்டு நாளாக் குடுக்கறேன்."

"குடு, குடு. அது பாட்டுக்கு அது."

உடுக்கை கொஞ்ச நேரம் பேசியது. கமலா காய்ச்சலிலும் கண்ணைத் திறந்து அதையே பார்த்தாள்.

"கீழ்த்திசையில இருந்து வந்த கட்டு" என்றார். பர்மா எந்தத் திசை என்று சீனியம்மாள் வழியிலேயே சொல்லியிருப்பார் என்று எனக்கு அப்போதே தெரியும். "காயிதத்துல கட்டம் எத்தனை?"

எண்ணினேன். "நாற்பத்தெட்டு."

"அதான்" என்றார்.

முப்பது என்று சொல்லியிருந்தாலும் அதான் என்றிருப்பார். அதுவும் எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே, "இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"ஓடுற தண்ணியில விட்டுரு. பெத்தவ கையால விடணும். திரும்பிப் பாக்காம வந்துரணும்."

கமலாவை சீனியம்மாள் மடியில் விட்டுவிட்டுக் கொட்டகுடி ஆற்றுக்கு நடந்தேன். மலையில் மழை பெய்திருந்ததால் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. காகிதத்தை விட்டேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றால் நான் பார்க்காமல் இருப்பேனா? சிவப்பு மை முதலில் கரைந்தது. கோடுகள் ஒவ்வொன்றாகக் கலைந்து தண்ணீரில் போயின. பென்சில் கரையவில்லை. கட்டம் எல்லாம் நீங்கிய முகம் ஒரு கணம் சுத்தமாக மிதந்தது. அப்புறம் சுழித்து உள்ளே போய்விட்டது.

மறுநாள் காலை காய்ச்சல் இறங்கியது.

எலி

மூன்றாம் நாள் மாசேன் அக்கா வந்து வாசலில் நின்றார். கை முழுக்க நீல வர்ணம்.

"தங்கச்சி, ஒரு காகிதம் காணோம். ஜன்னல் வழியாப் பறந்து வந்துச்சா?"

"இல்லையே அக்கா."

"பெட்டி மேலதான் வச்சேன்."

என் வாயிலிருந்து யோசிக்காமல் வந்தது: "எலி இழுத்துட்டுப் போயிருக்கும். இங்கன எலி ஜாஸ்தி."

அவர் தலையாட்டினார். அன்று சாயங்காலமே கடைத்தெருவில் ஒரு எலிப்பொறி வாங்கி வந்து, கருவாட்டுத் துண்டு வைத்து, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். நாலு நாள் அந்தப் பொறி வைத்த அறையைத் தாண்டித்தான் நான் தண்ணீர் எடுக்கப் போக வேண்டியிருந்தது. எலி எதுவும் விழவில்லை.

வியாழக்கிழமை என் கணவர் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டார்: "பக்கத்து அறையில ஒரு படம் இருந்துச்சே, நம்ம கமலா படம். நீ பாத்தியா?"

"அந்தப் படம் இருக்கறது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "நாந்தான் வரையச் சொன்னேன். குழந்தையை வரையலாமான்னு எங்கிட்டக் கேட்டாக. ஒங்கிட்டக் கேட்டா கண்ணு படும்னு சொல்லுவே. எழுதி முடிச்சதும் காட்டுவோம்னு இருந்தோம்."

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. சென்னையில் ஒரு படக்கம்பெனிக்கு அக்கா வேலை கேட்டு, என் கணவரைக் கொண்டு கடிதம் எழுதியிருக்கிறார். அவர்கள் எடுக்கிற கதையில் ஒரு அரண்மனைச் சுவர் முழுவதும் குழந்தை முகம் ஒன்று எழுதியிருக்க வேண்டுமாம். முகம் எழுத வருமா என்று பார்க்க, மாதிரிப் படம் ஒன்றை வாங்கிப்போக கம்பெனி ஆள் வெள்ளிக்கிழமை வருகிறார். காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளையை மறுபடி உட்கார வைத்து வரைய அக்காவுக்கு மனம் வரவில்லையாம். அந்தக் கடிதங்களைத்தான் இவர் வாசற்படியில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருக்கிறார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பிறத்தியார் கடுதாசி. தபாலாபீஸ்காரன் வீட்டுல பேசலாமா?"

"அது சரி. குழந்தை முகத்துல ஏன் கட்டம் போடணும்?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "சின்னப் படத்தைப் பெரிசாக்க வேற எப்படிப் போடுவாக? கட்டத்துக்குக் கட்டம் நம்பர் போட்டு, ஒவ்வொரு கட்டத்துல உள்ளதையும் துணியில பெரிய கட்டத்துல எழுதுவாக. ஓரத்துல இருக்கறது பர்மாக்காரக நம்பர்."

பயிற்சிப் பள்ளியில் பூகோள ஆசிரியை எங்களுக்கு அதைத்தான் ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்தார். புத்தகத்தில் உள்ளங்கை அளவு இருக்கிற சென்னை மாகாணத்தை, கட்டம் போட்டுக் கரும்பலகை அளவுக்கு நானே பெரிதாக்கி எழுதியிருக்கிறேன். வைகையை ஒரு கோடு பிசகாமல் எழுதினேன் என்று பாராட்டுகூட வாங்கினேன். நாட்டின் மேல் போட்டால் தெரிந்த கட்டம், பெற்ற பிள்ளையின் மேல் போட்டதும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு இரவு இருந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி வரையச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் காய்ச்சல் காகிதம் போன மறுநாள்தானே இறங்கியது என்று உள்ளே ஒரு குரல். மருந்தா, ஆறா? இரண்டில் எது என்று நிச்சயமாகத் தெரியாமல் குழந்தையை மறுபடி அந்தப் பென்சிலுக்கு எதிரே உட்கார வைக்க மனம் துணியவில்லை. சும்மா இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கம்பெனி ஆள் வந்தார். அக்கா தட்டிகளைக் காட்டினார். "மலையும் மாளிகையும் எழுத எங்ககிட்ட ஆள் இருக்கு, முகந்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு மதுரை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அக்கா எழுந்து உள்ளே போனார். பொறியிலிருந்த கருவாட்டை மாற்றினார்.

மூன்று கடிதம்

ஒரு மாதம் போல ஆயிற்று. அக்கா தட்டி எழுதிக்கொண்டே இருந்தார். கமலாவைப் பார்த்தால் சிரிப்பார், அளக்கவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

கம்பெனி விலாசம் என் கணவரிடம் இருந்தது. கடைசியில் நானே ஒரு கடிதம் எழுதினேன். முதலில் எழுதியதில் எலி இருந்தது. கிழித்தேன். இரண்டாவதில் 'தவறுதலாகக் காணாமல் போயிற்று' என்று எழுதினேன். அதுவும் ஒரு வகையில் எலிதான். மூன்றாவதில் உள்ளதை எழுதினேன். குழந்தைக்குக் காய்ச்சல், கட்டத்தைச் சூனியம் என்று பயந்தேன், ஆற்றில் விட்டேன், குற்றம் என்னுடையது, அந்த அம்மாளுக்கு இன்னொரு தவணை கொடுங்கள். கீழே என் பெயரை எழுதி, 'பயிற்சி பெற்ற ஆசிரியை' என்று போட்டேன். அதைப் பார்க்கச் சகிக்காமல் அடித்துவிட்டேன்.

என் கணவர் ஒட்டுவதற்கு முன் வாசித்தார். "இதை அவுககிட்டச் சொல்லிட்டியா?"

"இல்லை."

"கம்பெனிக்காரன் பதில் போட்டா அவுக பேருக்குத்தானே போடுவான்?"

அதை நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எழுதியிருப்பேனா என்றும் தெரியவில்லை.

பதில் பத்து நாளில் வந்தது. என் கணவர் உறையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நீயே வாசிச்சுக் காட்டு" என்று சொல்லிவிட்டுக் கமலாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

அக்கா தரையில் உட்கார்ந்து தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து உறையைக் கிழித்தேன். கண்ணை முன்னால் ஓடவிட்டேன். மூன்றாவது வரியில் இருந்தது. 'உங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் எழுதியிருந்தார்கள். அவர்களே பயந்து படத்தை ஆற்றில் விட்டுவிட்டதாக அறிந்தோம்.' அதற்குக் கீழே, 'ஆகவே வேறு ஏதேனும் ஒரு முகம் எழுதி இம்மாத முடிவுக்குள் அனுப்பினால் பரிசீலிக்கிறோம்.'

மூன்றாம் வரியை விட்டுவிட்டு நாலாவதை வாசித்தால் போதும். அவருக்கு வாசிக்கத் தெரியாது. வேலைக்கு வேண்டிய சேதி முழுவதும் நாலாவது வரியில்தான் இருந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தச் சந்தேகமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசித்தேன். மூன்றாம் வரியையும் வாசித்தேன்.

தூரிகையைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"அந்த வரியை இன்னொரு தரம் வாசி."

வாசித்தேன்.

"எலி இல்ல."

"இல்ல அக்கா."

அக்கா தூரிகையைக் கீழே வைத்தார். சுருட்டை எடுத்தார், பற்றவைக்கவில்லை. "எதுக்கு வாசிச்சே? விட்டிருந்தா எனக்குத் தெரியாதே."

நான் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டேன்.

"இனிமே எனக்கு வர்ற கடுதாசியெல்லாம் நீயே வாசி" என்றார். பிறகு, "குழந்தையைக் கேக்க மாட்டேன். பயப்படாதே. ஆனா முகம் வேணும். நீ உக்காரு."

நான் கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்தேன். கையை நீட்டி, பென்சிலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடினார். எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

"நகராதே."

இரண்டு நாள் உட்கார்ந்தேன். முடிந்ததும் காட்டினார். சாயல் இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் படத்தில் நான் நேரே பார்க்கவில்லை. நிலையோரம் பதுங்கி, கடைக்கண்ணால் யாரையோ வேவு பார்க்கிறேன்.

"நான் இப்படியா பாக்கறேன்?"

"வந்த நாள்ல இருந்து" என்றார் அக்கா.

படத்தைச் சுருட்டி, மெழுகுத் துணி சுற்றி, என் கணவர் பதிவுத் தபாலில் அனுப்பினார். தைப் பொங்கல் கழிந்து பதில் வந்தது. சீனியம்மாளும் கேட்க வந்து உட்கார்ந்துகொண்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசிக்கச் சொன்னார் அக்கா.

'தாங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. எங்கள் அடுத்த படத்தில் பக்கத்து வீட்டை ஒளிந்து பார்க்கும் பொல்லாத மாமி பாத்திரம் ஒன்று உண்டு. அதன் விளம்பரத்துக்கு இந்த முகத்தையே பெரிதாக எழுத உத்தேசம். பார்வை வெகு இயற்கையாக இருக்கிறது. உடனே புறப்பட்டு வரவும்.'

ஒரு வரியும் விடாமல் வாசித்தேன்.